நேப்பி எங்கே ஒழுகுகிறது? பிறையில் நடந்த ஒரு யோசனைக் கூட்டம்

துணி நேப்பி தைத்து விற்கும் சின்னத் தொழில் அது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையில் ஒரு தரை வீட்டின் முன்கூடத்தில் இரண்டு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக், ஒரு நீள மேசை. உரிமையாளர் அக்காவும் தையல் வேலைக்கு வரும் இரண்டு பெண்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வரும். வாரக் கடைசியில் சந்தையில் ஒரு மேசை போடுவார்கள். புதிதாகக் குழந்தை பெற்றவர்கள் ஆசையாக இரண்டு மூன்று வாங்கிப் போவார்கள். அதோடு சரி. இரண்டாவது தடவை ஆர்டர் கொடுக்கிறவர் அபூர்வம்.

டிசைன் பழசாகிவிட்டது என்பது அக்காவின் கணிப்பு. யானை, பூ, நட்சத்திரம் போட்ட துணிகளைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஏதாவது கொண்டுவர வேண்டும், அதற்கு நாலு பேரைக் கூப்பிட்டு யோசனை கேட்கலாம், நீ வந்து நடத்திக் கொடு தம்பி என்றார். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தர மேம்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். இந்த மாதிரிக் கூட்டம் நடத்துவது என் பிழைப்பில் ஒரு பகுதி. சரி என்றேன், ஒரு நிபந்தனையோடு: முதலில் வாடிக்கையாளர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை நான் படிக்க வேண்டும்.

படித்தால், டிசைனைப் பற்றி ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. "தொடை ஓரமா லீக் ஆகுது", "ரெண்டு நாளாகியும் உள்துணி காயல", "எவ்வளவு துவைச்சாலும் வாடை போகல", "தாஸ்காவுல பேம்பர்ஸ்தான் வேணுங்கிறாங்க". (தாஸ்கா என்றால் குழந்தைக் காப்பகம், பேம்பர்ஸ் என்றால் தூக்கி எறியும் நேப்பி.) இந்த நான்கையும்தான் ஆளாளுக்கு வேறு வேறு விதமாகச் சொல்லியிருந்தார்கள்.

கேள்வியை எழுதுவது

இவர்கள் தைப்பது உள்ளே துணி செருகும் வகை நேப்பி. வெளிப்பக்கம் தண்ணீர் விடாத பியுஎல் துணி, அதாவது பாலியெஸ்டரில் ஒரு பக்கம் பாலியூரித்தேன் படலம் ஒட்டியது. குழந்தையின் தோலில் படுவது மெல்லிய ஃபிளீஸ். இரண்டுக்கும் நடுவே, பின்பக்கத் திறப்பு வழியாக மைக்ரோஃபைபர் உள்துணியைச் செருக வேண்டும். முன்புறம் வரிசையாக ஸ்நாப் பட்டன். குழந்தை வளர வளர அளவை மாற்றிக்கொள்ளலாம். ஒழுகுகிறது என்று முதல் புகார் வந்தபோது அக்கா உள்துணியில் இன்னும் இரண்டு அடுக்கு சேர்த்துத் தைத்துவிட்டார். அதன் பிறகும் ஒழுகல் நிற்கவில்லை. காயாத புகார் மட்டும் புதிதாக வந்து சேர்ந்தது.

"நேப்பியை எப்படி மேம்படுத்தலாம்" என்று கூட்டத்தில் கேட்டால் பேச்சு எங்கெங்கோ போகும். "ஒழுகாமல் இருக்க என்ன செய்யலாம்" என்று கேட்டால் எல்லாரும் இன்னும் இரண்டு அடுக்கு போடு என்பார்கள். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்பது அது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதினோம்: "காலையில் குழந்தையோடு கிளம்பிய நேப்பி, ஈரமாகி, துவைத்து, காய்ந்து, மறுபடி அலமாரிக்குள் வரும் வரை யார் யார் கைக்குப் போகிறது? அந்தந்தக் கைக்கு என்ன சிரமம்?"

கையைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. மலேசியாவில் தனியார் துறையில் பேறுகால விடுப்பு 2023 ஜனவரி 1 முதல் 98 நாள். அதற்கு முன்பு 60 நாள்தான். 98 நாள் என்றாலும், குழந்தை குப்புற விழப் பழகுவதற்குள் பல அம்மாக்கள் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். பகலில் நேப்பி மாற்றுவது தாஸ்கா டீச்சர், இல்லாவிட்டால் பாட்டி. வாங்குவதும் ஆர்டர் கொடுப்பதும் அம்மா. தைப்பவர்கள் இதுவரை அம்மாவிடம் மட்டுமே பேசியிருக்கிறார்கள்.

யாரைக் கூப்பிட்டோம்

ஒன்பது பேர். உரிமையாளர் அக்கா, தையல் பெண்கள் இருவர், நேப்பி வாங்கி நிறுத்திவிட்ட அம்மாக்கள் இருவர், பகல் முழுக்கப் பேரனைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பாட்டி, தாஸ்கா டீச்சர் ஒருவர், ஓய்வுபெற்ற மிஸி, அதாவது நர்ஸ், ஒருவர், இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஓர் இளம் அப்பா. நிறுத்திவிட்டவர்களைக் கூப்பிடுவதில் அக்காவுக்கு விருப்பமில்லை. திட்டுவார்கள் என்று பயம். திட்டத்தான் கூப்பிடுகிறோம் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். தொடர்ந்து வாங்குகிறவர்கள் எப்படியோ சமாளிக்கக் கற்றுக்கொண்டவர்கள். அவர்களிடம் குறையைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்கள்.

வாய் திறக்காத அரை மணி நேரம்

குழுவாக உட்கார்ந்து யோசனை கொட்டும் முறையைப் பரப்பியவர் அமெரிக்க விளம்பரத் துறைக்காரர் அலெக்ஸ் ஆஸ்போர்ன். 1953 வாக்கில் அவர் வகுத்த நான்கு விதிகள் இன்றும் அப்படியே ஓடுகின்றன: விமர்சனத்தைத் தள்ளிப்போடு, கிறுக்குத்தனமான யோசனையையும் வரவேற்றுக்கொள், எண்ணிக்கையைக் கூட்டு, அடுத்தவர் சொன்னதன் மேல் உன்னுடையதைச் சேர். விதிகளில் குறையில்லை. ஆனால் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது, சேர்ந்து உட்கார்ந்து பேசிய நால்வரைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியல்களை ஒன்றாக்கினால் அதிக யோசனை தேறியது. ஏன் என்று 1987இல் டீல், ஷ்ட்ரோபே என்ற இரு ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். பெரிய காரணம் மிகச் சாதாரணமானது: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் அவரவர் யோசனை நழுவிவிடும்.

நம் வீடுகளில் இதற்கு மேல் இன்னொன்று. பெரியவர் பேசினால் சின்னவர் வாயை மூடிக்கொள்ளும் வழக்கம். சம்பளம் கொடுப்பவரும் எதிரில் உட்கார்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். அதனால் 1968இல் ஜெர்மனியின் பெர்ன்ட் ரோர்பாக் எழுதிய முறையைக் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொண்டேன். அவர் கணக்கில் 6 பேர், ஆளுக்கு 3 யோசனை, 5 நிமிடம். பிறகு தாள் பக்கத்தவருக்குப் போகும், அவர் அதைப் படித்துவிட்டு மேலும் 3 எழுதுவார். அரை மணியில் 108 யோசனை. நாங்கள் ஒன்பது பேர். தாள் நான்கு சுற்று வந்தால் போதும் என்று வைத்துக்கொண்டோம். ஒன்பது சுற்றும் விட்டால் யோசனை குவிந்துவிடும்; பிரித்து அடுக்குவதற்கே ஒரு நாள் போய்விடும்.

எழுதுவதில் ஒரு சிக்கல் இருந்தது. பாட்டி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்போடு நின்றவர். அம்மாக்களில் ஒருவர் மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் பேசுவார், எழுத வராது. எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம், படம் போட்டாலும் சரி என்றேன். பாட்டி காதோடு சொல்லச் சொல்ல, தையல் பெண் ஒருவர் எழுதினார். உள்ளதில் தெளிவான படங்கள் தாஸ்கா டீச்சருடையவை. தினமும் பிள்ளைகளுக்கு வரைந்து காட்டுகிற கை.

அக்காவுக்குத் தனி வேலை கொடுத்தேன். எந்த யோசனையைக் கேட்டாலும் "அதெல்லாம் செஞ்சு பாத்தாச்சு" என்பது அவர் வழக்கம். பெரும்பாலும் அது உண்மையும்கூட, அதுதான் சங்கடம். தேநீர் நேரம் வரை அளவுக் குவளையும் தண்ணீரும் அவர் பொறுப்பு, பேச்சு கிடையாது என்று ஒப்பந்தம். தண்ணீர் எதற்கு என்று அவருக்கும் அப்போது புரியவில்லை.

ஐந்து கிலோ அரிசி

தாள்கள் சுற்றி முடிந்ததும் பேச்சுக்குப் போகாமல் நேப்பிக்குப் போனோம். இது என் தொழிற்சாலைப் பழக்கம். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வாதம் குறையும். லிட்டருக்கு 9 கிராம் உப்புப் போட்ட தண்ணீர். அப்பா ஒரு பேம்பர்ஸும் கொண்டுவந்திருந்தார், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க. பேம்பர்ஸுக்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் துகள் உப்புத் தண்ணீரைவிட வெறும் தண்ணீரைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும். குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சோதித்தால் அதற்கு இல்லாத பெருமை வந்துவிடும்.

எவ்வளவு ஊற்றுவது என்று மிஸியைக் கேட்டேன். கைக்குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிலிட்டர் என்றார். 8 கிலோ குழந்தை, மூன்று மணி நேரம்: 24 முதல் 48 மில்லி. அக்கா 50 மில்லி அளந்து துணி நேப்பியின் நடுவில் ஊற்றினார். சொட்டுகூட வெளியே வரவில்லை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பாட்டிதான் ஆரம்பித்தார். "பிள்ள என்ன படுத்தே கெடக்குமா? நான் இடுப்புல தூக்கி வெச்சாதான் என் சேல நனையும்."

சமையலறையிலிருந்து ஐந்து கிலோ அரிசிப் பாக்கெட்டை எடுத்துவந்து நனைந்த நேப்பியின் மேல் வைத்தோம். தொடை எலாஸ்டிக் ஓரத்தில் முதலில் ஒரு ஈரக் கோடு தெரிந்தது. அப்புறம் மேசையில் தண்ணீர். தையல் பெண் ஒருவர் உள்துணியை உருவி விரலால் அழுத்தினார். அழுத்திய இடத்திலெல்லாம் தண்ணீர் ஊறி வந்தது.

மைக்ரோஃபைபரின் குணம் இது. மெல்லிய இழைகளுக்கு இடையே உள்ள சந்துகளில்தான் தண்ணீர் நிற்கும். வேகமாக இழுத்துக்கொள்ளும், அழுத்தினால் அதே வேகத்தில் விட்டுவிடும். பருத்தியும் மூங்கில் விஸ்கோஸும் மெதுவாக இழுக்கும், ஆனால் இழையே தண்ணீர் குடிப்பதால் எளிதில் விடாது. தூக்கி வைத்தால், வாக்கரில் உட்கார்ந்தால், கார் சீட்டில் வாரைக் கட்டினால் அழுத்தம்தான். இரண்டு அடுக்கு என்ன, நான்கு அடுக்கு மைக்ரோஃபைபர் சேர்த்தாலும் தேக்கம்தான் கூடுமே தவிரப் பிடிப்பு கூடாது.

எண்ணெய்

கூட்டத்தின் நல்ல கண்டுபிடிப்பு அதற்கடுத்து வந்தது. யார் தாளிலும் அது இல்லை. அம்மாக்களில் ஒருவர், தன் வீட்டு நேப்பி அழுத்தாமலே ஒழுகும் என்று சொல்லி, பழையது ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். ஊற்றினோம். தண்ணீர் ஃபிளீஸுக்குள் இறங்காமல் முத்து முத்தாகத் திரண்டு, சரிந்து, ஓரத்தில் ஓடியது. தையல் பெண் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார். தேங்காய் எண்ணெய்.

தினமும் காலையில் மாமியார் பேரனுக்கு எண்ணெய் தேய்த்து, காலை நீட்டி அதில் போட்டுக் குளிப்பாட்டுவார். குளித்த பின்னும் தொடை மடிப்பில் கொஞ்சம் பூசிவிட்டுத்தான் நேப்பி. பாலியெஸ்டர் இழைக்கு எண்ணெய் பிடிக்கும், தண்ணீர் பிடிக்காது. துவைக்கத் துவைக்க உள்ளேயே படியும். வாசனைக்காக ஊற்றும் துணி மென்மைத் திரவமும் இழைமேல் ஒரு பூச்சாகப் படிந்து அதே வேலையைச் செய்யும். துத்தநாக ஆக்சைடு கிரீமும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

"அப்ப எண்ண தேய்க்கக் கூடாதுங்கறியா?" பாட்டி என்னை நேராகக் கேட்டார். அறையில் ஒரு நிமிடம் சத்தமில்லை. நான் பதில் சொல்லவில்லை; சொல்லியிருந்தால் கூட்டம் அங்கேயே முடிந்திருக்கும். கேள்வியைத் திருப்பிப் போட்டேன்: "எண்ணெய் இருக்கட்டும் பாட்டி. எண்ணெய் தேய்க்கிற வீட்டுக்கு நேப்பி எப்படி இருக்கணும்?"

இதற்குத்தான் சரசரவென்று வந்தது. மேலே விரிக்க ஒரு பருத்தித் துண்டு, எண்ணெய் அதில் தங்கட்டும். ஃபிளீஸே வேண்டாம், உள்பக்கமும் பருத்தி போடலாம். எண்ணெய் படிந்ததை எப்படி எடுப்பது என்று ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுக்கலாம். கடைசி யோசனையை அப்போதே செய்து பார்த்தோம்: பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, வெந்நீர், நன்றாக அலசல். மறுபடி ஊற்றியபோது தண்ணீர் உள்ளே இறங்கியது. அந்த அம்மா உடனே போனை எடுத்து மாமியாருக்குப் படம் அனுப்பினார். நேப்பி கெட்டுப்போகவில்லை என்பதற்கா, தவறு யாருடையது என்பதற்கா, தெரியவில்லை.

குடை

கிறுக்குத்தனத்தையும் வரவேற்றுக்கொள் என்ற விதி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஓர் உதாரணம். அப்பாவின் தாளில் "நேப்பி குடை போல விரிய வேண்டும்" என்று இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவர் குடியிருப்பது ஃபிளாட். செப்டம்பர், அக்டோபர் மழையில் துணி எல்லாம் வீட்டுக்குள்தான் காயும். இரவு வேலை முடிந்து வந்து உள்துணியைத் தொட்டுப் பார்த்தால் நடுவில் எப்போதும் ஈரம். அந்தக் கடுப்பில் எழுதியது.

தாள் சுற்றில் தாஸ்கா டீச்சர் அதன் கீழே ஒரு படம் போட்டிருந்தார்: மடித்தால் தடியாகவும் பிரித்தால் ஒற்றைத் துணியாகவும் ஆகும் உள்துணி. அதன் கீழே தையல் பெண், "மடிப்பு வரும் இடத்தில் நூல் ஓட்டினால் தப்பாக மடிக்க முடியாது" என்று எழுதியிருந்தார். இதைப் படித்துக் காட்டியதும் பாட்டி, "இது நம்ம பழைய வேட்டித் துண்டுதானே, இதுக்கா இவ்வளவு பேரு?" என்றார். அதேதான். அடுக்கடுக்காகத் தைத்து மூடியதற்குப் பதில் ஒரே பருத்தித் துணி. மடித்தால் ஆறு அடுக்கு, கொடியில் போட்டால் ஒன்று. அழுத்தினாலும் தண்ணீரை எளிதில் விடாத பருத்தி என்பதால் அரிசிப் பாக்கெட் பிரச்சினைக்கும் அதிலேயே பாதித் தீர்வு. மேலே ஒரு மைக்ரோஃபைபர் பட்டை வைத்தால் வேகமாக இழுக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

ஓட்டு இல்லாத விஷயம்

யோசனை கொட்டும்போது விமர்சனம் கூடாது என்பது சரி. ஆனால் குழந்தைப் பொருள் என்றால், பாதுகாப்பை ஓட்டுக்கு விடக் கூடாது என்பது என் கட்சி. ஓட்டெடுப்புக்கு முன்னால் எல்லாத் தாள்களையும் மிஸியிடம் கொடுத்தோம். அவர் வெட்டினால் வெட்டியதுதான்.

நனைந்ததைச் சொல்ல முன்புறம் சின்ன மணி, எளிதில் கழற்றக்கூடிய அலங்காரப் பட்டன்: இரண்டும் வாய்க்குள் போகும், வெட்டு. உள்துணியில் வாசனைப் பவுடர்: மூச்சில் போகும், வெட்டு. ஈர நேப்பிப் பையின் வாடைக்குப் பாச்சை உருண்டை போட்டு வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது அப்பாவியான யோசனையாகத்தான் பட்டது. மிஸி அதை உரக்கப் படித்து, தாளைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு, அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலீன் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும், மஞ்சள் காமாலை முற்றும். இங்கே மருத்துவமனையில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் அதைச் சோதிப்பதே அதனால்தான். உருண்டை போட்ட அலமாரியிலிருந்து எடுத்த துணியே போதும், நேப்பிப் பையில் வேறு போட வேண்டுமா என்றார். அம்மாக்கள் இருவரும் வீட்டு அலமாரியை நினைத்துக்கொண்டார்கள் என்பது முகத்தில் தெரிந்தது.

பொட்டு

ஓட்டுக்கு வட்டக் காகிதம் வாங்க மறந்துவிட்டார்கள். அக்கா உள்ளே போய் இரண்டு அட்டை ஒட்டுப்பொட்டு கொண்டுவந்தார். தைப்பவர்களுக்குச் சிவப்பு, மற்றவர்களுக்குக் கறுப்பு, ஆளுக்கு மூன்று. எந்த யோசனைக்கு மொத்தம் எத்தனை என்பதைவிட, எங்கே ஒரே நிறம் மட்டும் விழுந்திருக்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

தொடையோரம் இரட்டை எலாஸ்டிக் யோசனையில் சிவப்பு மட்டும். புது டிசைனிலும் சிவப்பு மட்டும். அடியில் ஜிப் வைத்த ஈரப் பையில் முழுக்கக் கறுப்பு. அது தாஸ்கா டீச்சரின் யோசனை: மேல்வாய் வழியாக நேப்பியைப் போடுவது, வீட்டில் மெஷினுக்கு மேலே பிடித்து அடி ஜிப்பைத் திறந்தால் தொடாமலே உள்ளே விழும். ஒரு வயதுக்குக் கீழே என்றால் மூன்று குழந்தைக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது தாஸ்கா விதி. ஒரு குழந்தையின் உள்துணியை உருவிக்கொண்டிருந்தால் மற்ற இரண்டையும் யார் பார்ப்பது என்று கேட்டார். பேம்பர்ஸ்தான் வேண்டும் என்று தாஸ்கா சொல்வதில் பிடிவாதம் எதுவும் இல்லை, இந்தக் கணக்குத்தான்.

இரண்டு நிறமும் கலந்து விழுந்தது மடிப்புத் துணிக்கும் எண்ணெய்த் துண்டுக்கும். பாட்டி மூன்றையும் மடிப்புத் துணியில் ஒட்டினார். அப்படி ஒட்டலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, "எனக்குக் கொடுத்த பொட்டு, நான் ஒட்டறேன்" என்றார்.

பிறகு நடந்தது

மாதிரி தைத்து, கூட்டத்துக்கு வந்த அம்மாக்கள் வீட்டிலும் பாட்டி வீட்டிலும் தாஸ்காவிலும் கொடுத்துப் பார்த்தார்கள். மடிப்புத் துணி, அடைமழை நாளிலும் மின்விசிறிக்குக் கீழே காலையில் போட்டால் சாயங்காலம் மடிக்கும் பதத்துக்கு வந்தது. மடிப்புக் கோட்டை முதலில் வெள்ளை நூலில் ஓட்டியிருந்தார்கள். தாஸ்காவில் அது கண்ணில் படவில்லை, தப்பாக மடித்தார்கள். சிவப்பு நூலுக்கு மாற்றியதும் சரியாயிற்று. உள்துணி துவைக்கும்போது தானாக வெளியே வரட்டும் என்று திறப்பை இரண்டு பக்கமும் வைத்த மாதிரி தேறவில்லை. தவழும் குழந்தைக்குத் துணி முன்னால் நகர்ந்து வந்துவிட்டது. ஸ்நாப் பட்டனை அழுத்த விரல் வலிக்கிறது என்று பாட்டி சொன்னதால், பாட்டிகள் பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கு வெல்க்ரோ வைத்ததும் தைக்கிறார்கள். துவைக்கும்போது வெல்க்ரோ மற்றத் துணியில் ஒட்டிக்கொள்ளும் தொல்லை இன்னும் இருக்கிறது.

அக்கா செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருந்தது. புது உள்துணியை நேப்பியோடு சேர்த்து மட்டும் விற்காமல், பழைய வாடிக்கையாளர்களுக்குத் தனியாகவும் கொடுக்கிறார். கூடவே எண்ணெய் எடுக்கும் முறையைத் தமிழிலும் மலாயிலும் எழுதிய சீட்டு. நிறுத்திப்போனவர்களில் சிலர் அதை வாங்கத் திரும்பி வந்திருக்கிறார்கள். புது டிசைனும் வந்துவிட்டது, மயில். தடுக்கவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

இரவுப் பிரச்சினை தீரவில்லை. மிஸி சொன்ன கணக்குப்படி 8 கிலோ குழந்தைக்குப் பத்து மணி நேரம் என்றால் 160 மில்லி வரை போகும். மடிப்புத் துணி ஒன்று அதற்குப் போதாது, இரண்டு வைத்தால் குழந்தை காலைச் சேர்க்க முடியாமல் கிடக்கிறது. அதற்குத் தனியாக ஒரு கூட்டம் போடுவதாக இருக்கிறார்கள். கேள்வியை அக்காவே எழுதி அனுப்பியிருக்கிறார்; இந்த முறை இரவில் எழுந்து நேப்பி மாற்றுகிற ஆள்களாகப் பார்த்துக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.